அநுராதபுரச் சந்திப் பின்னறையும் முப்பத்தொரு இரும்புத் தொப்பிகளும்

திருகோணமலையில் பழைய சாமான் தேடுகிறவர்கள் கொழும்புக்கோ காலிக்கோ பஸ் ஏறுவதைத்தான் பார்த்திருக்கிறேன். நான் ஊருக்குள்ளேயே இருக்கும் அநுராதபுரச் சந்திக்குப் போகிறேன். சந்தியில் இறங்கிக் குறுக்கு ஒழுங்கை ஒன்றுக்குள் திரும்பினால் ஒரு தகரக் கொட்டகை வரும். பெயர்ப்பலகை கிடையாது. முன்னால் நின்று பார்த்தால் சாதாரண பழைய இரும்புக் கடை: மோட்டார் சைக்கிள் ரிம், கிணற்றுக் கப்பி, தையல் மெஷின் கால்கள், நங்கூரச் சங்கிலித் துண்டுகள். பின்னறையில்தான் விஷயம் இருக்கிறது. மரத் தட்டுகளில் வரிசையாகக் கவிழ்த்து வைத்த பிரித்தானியப் படைகளின் இரும்புத் தொப்பிகள். போன மாதம் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று.

நான் இங்கே ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர். ஒன்பது வருடமாக இந்தத் தொப்பிகளைச் சேர்க்கிறேன். வீட்டில் இப்போது பதினொன்று இருக்கின்றன. அதில் ஆறு இந்தக் கடையில் வாங்கியவை. ஆகவே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதும் கருத்து இல்லை இது.

முதல் தடவை நான் வாங்கப் போகவில்லை, காட்டப் போனேன். எங்கள் வீட்டில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தது ஒரு இரும்புத் தொப்பியில். அப்பப்பாவினுடையது. அவர் கப்பல் திருத்தும் டொக்யாட்டில் வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டபோதும் வேலையில்தான் நின்றார். வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் தந்த தொப்பி என்றுதான் வீட்டில் கதை. அதன் விளிம்பில் நாலு துளைகள். கயிறு கட்டித் தொங்கவிட அப்பப்பா போட்டது என்று அப்பா சொல்லுவார். நான் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். கடைக்கார நானா கையில் வாங்கியதும் முதலில் கேட்டது, "தங்கச்சி, இத ஏன் தேச்சீங்க?" என்றுதான். பிறகு வெளிச்சத்தில் பிடித்து, துளைக்குள் சின்னி விரலை விட்டுப் பார்த்தார். "இந்த ஓட்டய உங்கட அப்பப்பா போடல்ல. பெக்டரியில போட்ட ஓட்ட இது."

நாலு துளையும் ஒரே அளவு. ஓரத்தில் பிசிறு இல்லை. துளையின் உட்சுவரிலும் பழைய பச்சைப் பெயின்ட் இறங்கியிருந்தது; பிறகு துளைத்திருந்தால் அங்கே வெறும் இரும்புதான் தெரியும். நானா சொன்ன விளக்கம் இதுதான். இரண்டாம் உலகப் போரில் செய்த தொப்பிகளைத் துப்பாக்கியால் சுட்டுச் சோதிப்பார்கள். படைக்குரிய தரம் வராதவற்றை எறியாமல், விளிம்பில் துளை போட்டு அடையாளம் வைத்து, குண்டுவீச்சுக் காலத்துச் சிவில் பாதுகாப்பு வேலைக்குக் கொடுத்தார்கள். தரத்துக்குத் தக்கபடி துளைகளின் எண்ணிக்கை மாறும். அப்படிப் பார்த்தால் எங்கள் தொப்பி சிப்பாயின் தலையில் இருந்திருக்க வேண்டியதே இல்லை. டொக்யாட் தொழிலாளி என்ற முறையில் அப்பப்பாவுக்கே கொடுத்ததாகத்தான் இருக்கும் என்றார். எழுபது வருடம் வேறொருவனுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த சாமான் எங்களுடையதாகவே மாறிய அந்த நிமிடத்தில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

இந்தக் கடையை நான் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம், அங்கே தொப்பியைத் திருப்பிப் பார்க்க விடுவார்கள். சாதாரணமாகத் தோன்றலாம், ஆனால் சேர்ப்பவர்களுக்கு அதுதான் முழு விஷயமும். இந்தத் தொப்பியின் முகம் உள்ளே இருக்கிறது. வெளியில் எல்லாம் ஒரே கவிழ்த்த தட்டுப் போலத்தான் தெரியும். இன்னோரிடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, "கையில் எடுக்க வேண்டாம், முதலாம் உலகப் போர்" என்று சொன்னார்கள். நான் வாங்காமல் வந்துவிட்டேன். நானா முதலில் கையில் தந்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

அவர் பார்க்கும் வழியை ஒன்பது வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் உச்சி. அகன்ற விளிம்புத் தொப்பியின் உச்சியில் பிளவு ஆணி அடித்து முடக்கியிருந்தால் அது பழைய மார்க் 1 ஆக இருக்கலாம் (மார்க் என்பது படையின் மாதிரி இலக்கம்). ஜோன் பிரோடி 1915இல் லண்டனில் காப்புரிமை எடுத்த வடிவத்தைத் திருத்தி, ஓரத்தில் இரும்பு விளிம்புப் பட்டி மடித்து, 1916இல் இருந்து வந்த வகை. உச்சியில் திருகாணி இருந்தால் பெரும்பாலும் 1938இல் தொடங்கிய மார்க் 2. இரண்டுக்கும் நடுவில் ஒரு கள்ளப் பிள்ளை உண்டு. 1930களின் பின்பகுதியில், அடுத்த போர் வரும் என்று தெரிந்ததும், களஞ்சியத்தில் கிடந்த மார்க் 1 இரும்பு ஓடுகளுக்கே தலையில் படும் புது உள்ளுறையும் புது நாடி வாரும் போட்டுத் திரும்பக் கொடுத்தார்கள். பட்டியலில் அதை மார்க் 1 நட்சத்திரம் என்பார்கள். அதிலும் உச்சியில் திருகாணிதான். திருகாணியை மட்டும் பார்க்கிறவர் இதை மார்க் 2 என்று விற்றுவிடுவார், வாங்குகிறவரும் வாங்கிவிடுவார். நானாவின் தட்டில் அப்படி ஒன்று மூன்று வருடம் மார்க் 2 என்றே கிடந்தது. பிடித்தது நான், பிடித்துத் தந்தது காந்தம்.

இந்தக் காந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உடைந்த ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய ஒரு சின்னக் காந்தத் துண்டு எப்போதும் என் கைப்பையில் இருக்கும். பிரித்தானியப் படைத் தொப்பியின் ஓடு மங்கனீஸ் உருக்கு. ஷெஃபீல்ட் நகரத்து ரொபர்ட் ஹட்ஃபீல்ட் 1882இல் கண்டுபிடித்த கலவை, அதில் பன்னிரண்டு சதவீதமளவு மங்கனீஸ். இரும்பே பெரும்பகுதியாக இருந்தும் அதில் காந்தம் ஒட்டாது. நான் வருடா வருடம் பிள்ளைகளுக்குக் காட்டும் பரிசோதனைகளில் அவர்கள் வாயைப் பிளப்பது இதற்குத்தான். சரி, இனி விளிம்புக்கு வாருங்கள். மார்க் 1இன் விளிம்புப் பட்டி மெல்லுருக்கு, காந்தம் அதைப் பிடிக்கும். மார்க் 2இன் விளிம்புப் பட்டி துருப்பிடிக்காத உருக்கு, காந்தம் வழுக்கி விழும். நானாவின் அந்தத் "மார்க் 2" ஓட்டில் காந்தம் நிற்கவில்லை, விளிம்பில் டக்கென்று பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு அவரே வகை எழுதியிருந்த தாள் துண்டைக் கிழித்துப் புதிதாக எழுதினார். விலையையும் ஏற்றினார், அது அவருடைய நியாயம்.

ஓட்டிலேயே காந்தம் இறுகப் பிடித்தால் அது மெல்லுருக்கு ஓடு. படைத் தரமாக இருக்காது. எங்கள் அப்பப்பாவின் தொப்பியில் காந்தம் அப்படித்தான் பிடித்தது. துளை சொன்ன கதையையே காந்தமும் சொன்னது.

துளை என்றதும் எல்லாவற்றையும் சிவில் பாதுகாப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. கடையின் இரண்டாவது தட்டில் பின் விளிம்பில் மட்டும் வரிசையாக மூன்று துளைகள் உள்ள தொப்பி ஒன்று இருக்கிறது. அது தென்னாபிரிக்காவில் செய்த மார்க் 2. கழுத்தில் வெயில் படாமல் துணித் திரை கட்டுவதற்காகப் போட்ட துளைகள் அவை. முழுப் படைத் தரம். இதை வேறோர் இடத்தில் "தரம் குறைந்தது" என்று மலிவாக விற்கப் பார்த்தார்கள். நானா சரியாகவே எழுதி வைத்திருக்கிறார்.

இலண்டன் வீடுகளில் தீ பார்க்கும் காவலுக்கு நின்றவர்கள் போட்ட சுக்கர்மன் தொப்பியும் ஒன்று கிடக்கிறது. உச்சி உயர்ந்து, உள்ளுறையை விளிம்போரத் துளைகளில் கயிற்றால் பின்னியிருக்கும். அதை ஒரு தடவை பார்த்தால் பிறகு குழப்பம் வராது, ஆகவே விட்டுவிடுகிறேன். அமெரிக்கருடைய எம் 1917 கூட அச்சு அசல் பிரோடி போலத்தான் இருக்கும். நாடி வார் வளையத்தைப் பிடித்திருக்கும் ஆணியைப் பாருங்கள்: பிளந்து விரித்திருந்தால் பிரித்தானியா, தலை முழுசாக இருந்தால் அமெரிக்கா.

உள்ளுறைக்கு வருவோம். மார்க் 2இன் உள்ளே கறுப்பு மெழுகுத் துணி, உச்சியில் சிலுவை வடிவில் ரப்பர் மெத்தை. செய்தவரின் எழுத்துகள், அளவு, வருடம் எல்லாம் இருக்கும். ஓட்டின் விளிம்புக்கு உட்பக்கத்திலும் அதேபோல முத்திரை. பி.எம்.பி. என்றால் பிரிக்ஸ் மோட்டார் பொடீஸ், கார் உடல் செய்தவர்கள். எச்.பி.எச். என்றால் ஷெஃபீல்ட் ஹரிசன் பிரதர்ஸ் அன்ட் ஹவ்சன், கத்தி கரண்டி செய்தவர்கள். ஜே.எஸ்.எஸ். ஜோசப் சாங்கி. சி.எல். எழுத்தோடு ஒரு சி இருந்தால் கனடா மோட்டார் விளக்குக் கம்பெனி. கார் விளக்கும் கரண்டியும் செய்த கைகள் ஒரே வருடத்துக்குள் தொப்பி அடிக்கத் திரும்பியிருக்கின்றன என்று அந்த முத்திரைகளைத் தடவும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். ஓட்டின் வருடமும் உள்ளுறையின் வருடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றில்லை. 1939 ஓட்டுக்குள் 1940 உள்ளுறை இயல்புதான். ஆனால் ஐந்தாறு வருட இடைவெளி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

என் முதலாவது குறை இங்கேதான். நானா ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் உதிரி உள்ளுறைகள் வைத்திருக்கிறார். வெறும் ஓடு விலைப்படாது என்று அதில் ஒன்றை எடுத்துப் பூட்டிவிடுகிறார். தாள் துண்டில் அதை எழுதுவதில்லை. நான் வாங்கிய மூன்றாவது தொப்பி அப்படிப்பட்டது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோது உச்சித் திருகாணியின் பிளவில் புதுக் கீறல் மின்னியது. திரும்பக் கொண்டுபோனேன். மறுக்காமல் ஒத்துக்கொண்டு 4,000 ரூபாய் திருப்பித் தந்தார். நேர்மையில் குறை சொல்லமாட்டேன். ஆனால் கேட்டால் சொல்லுவது போதாது, எழுதியே வைக்க வேண்டும். புதிதாக வருகிறவருக்கு என்ன கேட்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

ஆமை முதுகு போன்ற வடிவமுள்ள பிந்திய வகைகளில் கடை இன்னும் பலவீனம். மார்க் 3 என்பது 1944 ஜூன் 6 நோர்மண்டிக் கரையிறக்கத்தில் முதன்முதலாகப் போருக்குப் போன தொப்பி. அதன் தம்பி மார்க் 4இல் உள்ளுறை அமுக்குப் பொத்தானில் நிற்கும். கழற்றிவிட்டு ஓட்டில் தண்ணீர்கூட அள்ளலாம். நானா இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, எல்லாவற்றுக்கும் "நோர்மண்டி" என்று எழுதியிருக்கிறார். நான் எடுத்துப் பார்த்த ஒன்றில் அமுக்குப் பொத்தான், முத்திரையில் 1952. அந்த வருடம் நோர்மண்டியில் போர் முடிந்து எட்டு வருடம். சொன்னேன், தலையை ஆட்டினார், துண்டு இன்னும் மாறவில்லை. பரசூட் படைத் தொப்பி என்று யாராவது காட்டினால், கடை எதுவானாலும், ஒரு மாதம் படித்துவிட்டு முடிவெடுங்கள். கவசவாகனப் படையின் மலிவான தொப்பியைத் திருத்திச் செய்த போலிகள் அதில்தான் அதிகம்.

போலி என்றால் பெயின்ட்தான். போன வருடம் முகநூலில் பார்த்து வேறு ஊர் ஆள் ஒருவரிடம் 28,000 ரூபாய்க்கு ஒரு மார்க் 2 வாங்கினேன். முன்பக்கத்தில் சிவப்புச் சுவாலையில் இருந்து எழும் நீலப் பறவை. இரண்டாம் உலகப் போரில் மவுன்ட்பேட்டன் தலைமை தாங்கிய நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் ஃபீனிக்ஸ் சின்னம் அது. அந்தத் தலைமையகம் 1944இல் கண்டிக்கு வந்ததால், இலங்கையில் இப்படி ஒன்று கிடைப்பது நம்பக் கூடியதாகத்தான் இருந்தது. சந்தோசத்தில் அன்றே நானாவிடம் கொண்டுபோனேன். அவர் பறவையைப் பார்க்கவில்லை, பறவையின் வால் பக்கத்தில் இருந்த ஒரு துருக் குழியைப் பார்த்தார். "உங்கட பள்ளிக்கூட லென்ஸ எடுங்க" என்றார். வைத்துப் பார்த்தேன். மிளகளவு குழி. அடியில் பழுப்புத் துரு, அதன் மேல் நீலப் பெயின்ட் வழிந்து இறங்கித் தேங்கியிருந்தது. பழைய பெயின்ட் என்றால் துரு அதை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கும், ஓரம் செதில் செதிலாக எழும்பியிருக்கும். இங்கே துரு முதலில் வந்திருக்கிறது, பறவை பிறகு வந்திருக்கிறது. விற்றவர் அதன்பின் அழைப்பை எடுக்கவில்லை. அந்தத் தொப்பியை வைத்திருக்கிறேன். ஓடு உண்மையானது, 1941. பறவையைச் சுரண்டப் போவதில்லை. அதற்குக் கீழே முதல் பெயின்ட் இருக்கிறது.

இந்தக் கடையின் உண்மையான பலம் கடற்படைச் சாம்பல் நிறத் தொப்பிகள். இது திருகோணமலை அல்லவா. 1957 வரைக்கும் பிரித்தானியக் கடற்படை இருந்த ஊர். வேறெங்கும் இவ்வளவு சாம்பல் நிறம் ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை: மொத்தம் ஏழு. ஒன்றில் சாம்பல் உரிந்த இடத்தில் காக்கிப் பச்சை தெரிகிறது, படைக்குச் செய்ததைக் கடற்படைக்கு மாற்றியிருக்கிறார்கள். கடல் காற்றில் உப்புப் பட்டு எல்லாவற்றின் நாடி வாரில் உள்ள கம்பிச் சுருளும் போய்விட்டது. ஆனால் பெயின்ட் யாரும் தொடாத பெயின்ட். அதில் ஒன்றை 24,000 ரூபாய்க்கு எடுத்தேன். உள்ளே அளவு ஏழேகால், வருடம் 1940, உச்சித் திருகாணியின் பிளவுக்குள்ளும் சாம்பல் பெயின்ட் உடையாமல் இருக்கிறது. எண்பது வருடத்துக்கு மேலாக ஒரு கையும் அதைத் திறக்கவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நானாவிடம் நான் கெஞ்சிக் கேட்டும் நிற்காத பழக்கம் ஒன்று, பழைய எஞ்சின் ஒயில் பூசுவது. துருவை நிறுத்தும், உண்மைதான். ஆனால் அது உள்ளுறைத் துணிக்குள் ஊறி, ரப்பரைப் பிசினாக்கி, மையில் அடித்த வருடத்தை அழித்துவிடுகிறது. வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஓட்டை மட்டும் ஒற்றி எடுங்கள். தண்ணீரும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். திருகாணியைத் திறந்து காட்டச் சொல்லவும் வேண்டாம். என் கண் முன்னாலேயே ஒரு மார்க் 1 நட்சத்திரத்தின் திருகாணி முறிந்தது. வேறொரு வாடிக்கையாளர் வற்புறுத்தியதால் நடந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

விலை 15,000 இல் இருந்து 35,000 ரூபாய் வரை. பேசலாம், ஆனால் அவமானப்படுத்தும் விலை கேட்காதீர்கள். பற்றுச்சீட்டு என்பது கலண்டர் தாளின் பின்பக்கம். அதில் முத்திரை எழுத்துகளையும் வருடத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள், தருவார். பின்னறையில் ஒரே ஒரு மின்குமிழ், ஆகவே டோர்ச் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காகப் பதினொன்றரையில் இருந்து இரண்டரை வரை பூட்டு. சனிக்கிழமை காலைதான் நல்ல நேரம். கிண்ணியா பக்கத்தில் இருந்தும் சீனக்குடாப் பக்கத்தில் இருந்தும் ஆட்கள் சாக்கில் கொண்டுவந்து கொட்டுவது அப்போதுதான்.

அப்பப்பாவின் தொப்பிக்கு நானா இரண்டு தடவை விலை கேட்டார். இப்போது கேட்பதில்லை. போன சனிக்கிழமை, அதைக் கொண்டுவரச் சொல்லி, மூன்று துளைத் தென்னாபிரிக்கத் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்து, வந்திருந்த இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குத் துளைகளின் வித்தியாசத்தை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "இது இந்தத் தங்கச்சிட அப்பப்பாட தொப்பி. டொக்யாட்டுக்குக் குடுத்தது" என்று சொல்லித்தான் தொடங்கினார்.